ஸ்பேஸ்எக்ஸ் பங்கு: கடைசிப் பந்திக்கு என்ன மிச்சம்?

2008 ஆகஸ்ட் மாதத் தொடக்கம். பசிபிக் கடலில் குவாஜலீன் பவளத்தீவுக் கூட்டத்தில் ஓமெலெக் என்றொரு குட்டித் தீவு. அங்கிருந்து கிளம்பிய, ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனியின் ஃபால்கன் 1 ராக்கெட் மூன்றாவது முறையாகவும் தோற்றது. முதல் அடுக்கு தன் வேலையை ஒழுங்காக முடித்துக் கழன்றுகொண்டது. ஆனால் எஞ்சினில் மிச்சமிருந்த கொஞ்ச உந்துவிசை அதை முன்னே தள்ள, மேலே போய்க்கொண்டிருந்த இரண்டாம் அடுக்கின் பின்புறத்தில் போய் முட்டியது. இன்னும் சில நொடிகள் பொறுத்துப் பிரித்திருந்தால் தப்பியிருக்கும். உள்ளே இருந்த செயற்கைக்கோள்கள் போயின. கூடவே, விண்ணுக்கு அனுப்பச் சொல்லி உறவினர்கள் கொடுத்திருந்த 'ஸ்டார் ட்ரெக்' நடிகர் ஜேம்ஸ் டூஹனின் அஸ்தியும் போனது. பேபால் விற்ற பணத்திலிருந்து ஈலான் மஸ்க் இந்தக் கம்பெனியில் போட்ட சுமார் 10 கோடி டாலர் ஏறக்குறையக் கரைந்துவிட்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பீட்டர் தீலும் அவருடைய கூட்டாளிகளும் நடத்தும் ஃபவுண்டர்ஸ் ஃபண்ட் என்ற முதலீட்டு நிறுவனம் 2 கோடி டாலர் கொடுத்தது. தீல், மஸ்க்கின் பேபால் காலத்துச் சகா. செப்டம்பர் 28 அன்று நான்காவது ராக்கெட் சுற்றுப்பாதையை எட்டியது. அந்த ஆண்டு முடிவதற்குள், விண்வெளி நிலையத்துக்கு 12 முறை சரக்கு கொண்டுபோக நாசா 160 கோடி டாலருக்கு ஒப்பந்தம் தந்தது. மீதிக் கதை ஊரறிந்தது.

அந்த 2 கோடி டாலருக்கு எந்தப் பத்திரிகையிலும் விளம்பரம் வரவில்லை. விண்ணப்பப் படிவம் அச்சாகவில்லை. தெரிந்தவர், தெரிந்தவரிடம் கேட்டார். அன்று தொடங்கி இன்றுவரை ஸ்பேஸ்எக்ஸ் பங்கு கைமாறும் விதம் பெரிதாக மாறவில்லை. இப்போதுதான் முதல் முறையாக, பொதுமக்களுக்கும் பங்கு தரலாம் என்ற பேச்சு கம்பெனிக்கு உள்ளிருந்தே வந்திருக்கிறது.

ஐந்து மாதத்தில் இரட்டிப்பு

2025 டிசம்பரில் ஸ்பேஸ்எக்ஸின் நிதித்துறைத் தலைவர் பிரெட் ஜான்சன் பங்குதாரர்களுக்குக் கடிதம் எழுதினார். 2026இல் பொதுப் பங்கு வெளியீட்டுக்கு ஆயத்தமாகிறோம் என்றது கடிதம். நடக்குமா, எப்போது, என்ன விலைக்கு என்பதெல்லாம் இன்னும் நிச்சயமில்லை என்றும் அதிலேயே சொல்லிவைத்தார். கிடைக்கும் பணம் எதற்கு என்ற பட்டியலும் இருந்தது: ஸ்டார்ஷிப் ராக்கெட்டை அடிக்கடி பறக்கவிடுவது, விண்வெளியில் செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள், நிலவில் ஒரு தளம், செவ்வாய்ப் பயணங்கள்.

அதே கடிதத்தில், பணியாளர்களும் பழைய முதலீட்டாளர்களும் தங்கள் பங்கை விற்கலாம் என்று ஒரு விலையும் குறித்திருந்தது: 421 டாலர். அப்படிப் பார்த்தால் மொத்தக் கம்பெனியின் மதிப்பு 80,000 கோடி டாலர். அந்த ஆண்டு ஜூலையில் இதே பங்கு 212 டாலர், கம்பெனி மதிப்பு 40,000 கோடி டாலர். இடைப்பட்ட ஐந்து மாதத்தில் எந்த ராக்கெட்டும் செவ்வாய்க்குப் போய்விடவில்லை.

பின்னோக்கிப் போனால் இன்னும் சுவாரஸ்யம். 2022 பிப்ரவரியில் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தார்கள். பிரித்த பிறகு விலை 56 டாலர். 2023 டிசம்பரில் 97. 2024 டிசம்பரில் 185. நான்கு ஆண்டுக்குள் 56 ரூபாய்ச் சரக்கு 421 ரூபாய் ஆன மாதிரி. இந்த ஏற்றம் முழுவதும் எந்தப் பங்குச் சந்தைத் திரையிலும் ஓடவில்லை. கம்பெனியே ஆண்டுக்கு இரண்டு முறை வாக்கில் ஒரு விலையைச் சொல்லும், அந்த விலைக்கு வாங்க ஆள் இருக்கும், அவ்வளவுதான். 2026 பிப்ரவரியில் மஸ்க் தன்னுடைய செயற்கை நுண்ணறிவுக் கம்பெனியான எக்ஸ்ஏஐயை ஸ்பேஸ்எக்ஸுடன் இணைத்தபோது, ராக்கெட் பக்கத்துக்கு மட்டும் ஒரு லட்சம் கோடி டாலர் என்று மதிப்புப் போட்டார்கள். எக்ஸ்ஏஐக்கு 25,000 கோடி. இரண்டு பக்கமும் ஒரே ஆள் உட்கார்ந்து பேசி முடித்த விலை இது.

வேண்டாம் என்றவரே வருகிறார்

மஸ்க் பொதுப் பங்கு வெளியீட்டுக்கு நேர் எதிராகப் பேசியவர். 2013 ஜூனில் பணியாளர்களுக்கு அவர் எழுதிய மின்னஞ்சல் பிற்பாடு வெளியே வந்தது. செவ்வாய்க்கு ஆளை ஏற்றிச் செல்லும் வண்டி தயாராகும்வரை கம்பெனியைச் சந்தைக்குக் கொண்டுவருவதில் தனக்கு இஷ்டமில்லை என்று அதில் விவரமாக எழுதியிருந்தார். சந்தைக்கு வந்த கம்பெனியின் பங்கு, உள்ளே நடக்கும் வேலையாலும் ஆடும், நாட்டின் பொருளாதாரத்தாலும் ஆடும். பொறியாளர்கள் ராக்கெட்டை விட்டுவிட்டுப் பங்கு விலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது அவர் வாதம். டெஸ்லாவில் பட்ட அனுபவம் அவரை அப்படி எழுத வைத்தது. ஐந்து ஆண்டு கழித்து, டெஸ்லாவை 420 டாலருக்குத் தனியார் கம்பெனியாக்கப் பணம் தயார் என்று ஒரு ட்வீட் போட்டு, அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பாளரான எஸ்.இ.சி.யிடம் 2 கோடி டாலர் அபராதம் கட்டி, தலைவர் பதவியையும் விட்டார். கம்பெனிக்கும் தனியே இன்னொரு 2 கோடி.

அப்படிப்பட்டவர் மனம் மாறியதற்குக் காரணம் பணத்தேவை என்றே நான் படிக்கிறேன். ராக்கெட் வியாபாரமும் ஸ்டார்லிங்க் இணையச் சேவையும் தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டன. செயற்கை நுண்ணறிவு அப்படியல்ல. அதற்கு வேண்டிய தொகை, பழைய பாணியில் பத்து நண்பர்களிடம் கேட்டுத் திரட்டும் தொகை இல்லை. 2019இல் சவுதி அராம்கோ தன் பங்கு வெளியீட்டில் 2,940 கோடி டாலர் திரட்டியதுதான் பெரிய சாதனையாகப் பேசப்பட்டது. ஸ்பேஸ்எக்ஸ் அதைத் தாண்டும் என்றுதான் வால் ஸ்ட்ரீட்டில் கணக்குப் போடுகிறார்கள்.

பின்வாசல்கள்

பந்திக்கு முந்து என்பார்கள். இங்கே முதல் பந்தியில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்று பார்த்துவிடலாம். 2015 ஜனவரியில் கூகுளும் ஃபிடெலிட்டியும் சேர்ந்து 100 கோடி டாலர் போட்டு சுமார் 10 சதவீதம் வாங்கின. அன்றைக்குக் கம்பெனியின் மதிப்பு 1,000 கோடி டாலர் சுமாருக்கு இருந்தது. கனடாவின் ஒன்டாரியோ ஆசிரியர் ஓய்வூதிய நிதியம் 2019இல் வந்தது. ஸ்காட்லாந்தின் ஸ்காட்டிஷ் மார்ட்கேஜ் முதலீட்டு அறக்கட்டளையும், அமெரிக்காவின் பேரன் ஃபண்டுகளும் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கின்றன. இவர்களோடு ஆயிரக்கணக்கான பணியாளர்கள். வெல்டர் முதல் மென்பொருள்காரர் வரை பலருக்குச் சம்பளத்தின் ஒரு பகுதி பங்காகவே வருகிறது.

தனியாள் வாங்க வேண்டுமானால் அமெரிக்கச் சட்டப்படி அவர் 'அக்ரெடிட்டட்' முதலீட்டாளராக இருக்க வேண்டும். குடியிருக்கும் வீட்டைக் கழித்து 10 லட்சம் டாலர் சொத்து, அல்லது ஆண்டுக்கு 2 லட்சம் டாலர் வருமானம் என்பது முக்கியமான அளவுகோல். அந்தத் தகுதி இருந்தாலும் நேராகக் கிடைக்காது. பங்கு யாருக்குக் கைமாறலாம் என்பதில் கடைசிச் சொல் கம்பெனியுடையது. எனவே எஸ்.பி.வி. என்கிற இடைநிலை அமைப்புகள் முளைத்தன. ஒருவர் கையில் பங்கு இருக்கும். அதை வைத்து ஒரு சின்னக் கம்பெனி தொடங்கி, அந்தச் சின்னக் கம்பெனியில் மற்றவர்களுக்குப் பங்கு விற்பார். வாங்கியவர்கள் சேர்ந்து அதன்மேல் இன்னொரு எஸ்.பி.வி. கட்டுவார்கள்.

இதில் கணக்கு எப்படிப் போகிறது என்று ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். உங்களிடம் 1 லட்சம் டாலர். வெளி அடுக்கு நுழைவுக் கட்டணமாக 5 சதவீதம் எடுக்கிறது. மிச்சம் 95,000 உள் அடுக்குக்குப் போகிறது. அங்கேயும் 5 சதவீதம். கடைசியில் உண்மையான பங்கில் விழுவது 90,250. அதிர்ஷ்டம் அடித்து விலை இரட்டிப்பானால் 1,80,500. இப்போது லாபத்தில் 20 சதவீதம் உள் அடுக்குக்கு, 1,63,400 மிஞ்சும். அதில் வெளி அடுக்கும் தன் 20 சதவீத லாபப் பங்கை எடுத்ததும் உங்கள் கைக்கு வருவது 1,50,720. பங்கு இரண்டு மடங்காகிவிட்டது, நீங்கள் ஒன்றரை மடங்கில் நிற்கிறீர்கள். விலை ஏறாமல் அப்படியே இருந்தாலோ, கிட்டத்தட்ட 10,000 டாலர் நஷ்டத்தோடுதான் வீடு திரும்புவீர்கள். இந்தக் காலம் முழுவதும் ஸ்பேஸ்எக்ஸின் பங்குதாரர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்காது. நடுவில் இருப்பவரிடம் பங்கு உண்மையிலேயே இருக்கிறதா என்பதும் அவர் சொல்வதுதான். சந்தைக்கு வராத கம்பெனிகளின் பங்கைத் தருவதாகச் சொல்லி 2,200 பேருக்கு மேல் பணம் வாங்கியதாக ஸ்ட்ரெய்ட்பாத் என்ற நிறுவனத்தின் மேல் 2022இல் எஸ்.இ.சி. வழக்கே போட்டது.

எஸ்.பி.வி.க்கும் போக முடியாதவர்களுக்கு இன்னொரு வழி திறந்தது, அதுவும் வேடிக்கையான வழி. 2024 மார்ச் மாதக் கடைசியில் நியூயார்க் பங்குச் சந்தையில் டெஸ்டினி டெக்100 என்றொரு ஃபண்ட் பட்டியலானது. அதன் பெட்டியில் பெரிய சரக்கு ஸ்பேஸ்எக்ஸ் பங்குதான். ஒரு யூனிட்டுக்குப் பின்னால் இருந்த சொத்தின் மதிப்பு சுமார் 5 டாலர். இரண்டு வாரத்துக்குள் அந்த யூனிட்டுக்குச் சந்தையில் 100 டாலருக்கு மேல் கொடுத்தார்கள்! உள்ளே ஐந்து டாலர் இருக்கிறது என்று ஃபண்டே வெளியிட்டிருந்தது. அதைப் படிக்காதவர்கள் எத்தனை பேர், படித்தும் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்பது சந்தை மனோதத்துவத்தில் ஆராய்ச்சி செய்பவர்களுக்கான விஷயம். விலை பிறகு சரசரவென்று இறங்கியது.

2025இல் எக்கோஸ்டாருக்கு அந்த யோகம் வந்தது. டிஷ் டிவி நடத்தும், கடனில் முழுகிக்கொண்டிருந்த கம்பெனி அது. கையிலிருந்த அலைக்கற்றையில் ஒரு பகுதியை ஸ்பேஸ்எக்ஸுக்கு 1,700 கோடி டாலருக்கு விற்கச் செப்டம்பரில் ஒப்புக்கொண்டது. பாதிவரை ரொக்கம், பாதிவரை 212 டாலர் விலையில் ஸ்பேஸ்எக்ஸ் பங்கு. நவம்பரில் இன்னும் 260 கோடிக்கு விற்று அதைப் பங்காகவே வாங்கிக்கொள்ளவும் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் 30 டாலர் சுமாரில் கிடந்த எக்கோஸ்டார், டிசம்பரில் 100 டாலரைத் தாண்டியது. ஸ்பேஸ்எக்ஸை வாங்க முடியாதவர்கள் எக்கோஸ்டாரை வாங்கினார்கள்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

கம்பெனி போலி இல்லை. இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விலையைக் குறை சொல்லும் பலர் ராக்கெட்டையும் சேர்த்துக் குறை சொல்லிவிடுகிறார்கள். 2025இல் மட்டும் 165 ஃபால்கன் 9 ராக்கெட்டுகள் கிளம்பின. வாரத்துக்கு மூன்றுக்கும் மேல். ஒரே முதல் அடுக்கு 30 முறைக்கு மேல் போய்த் திரும்பி வந்திருக்கிறது. உலகில் வேறு எந்த நாடும், எந்தக் கம்பெனியும் இதற்குப் பக்கத்தில் இல்லை.

ஆனால் பணம் கொட்டும் இடம் ராக்கெட் இல்லை, ஸ்டார்லிங்க். 2019 மே மாதம் 60 செயற்கைக்கோள்களை ஒரே மூச்சில் ஏற்றித் தொடங்கிய இந்த இணையச் சேவைக்கு 2025 முடிவில் 90 லட்சத்துக்கு மேல் வாடிக்கையாளர்கள். அந்த ஆண்டு ஸ்பேஸ்எக்ஸின் மொத்த வருவாய் சுமார் 1,550 கோடி டாலர் இருக்கும் என்று மஸ்க் முன்கூட்டிச் சொல்லியிருந்தார். நாசாவிடமிருந்து வருவது அதில் 110 கோடிதான் என்றார். டிசம்பர் விலையான 80,000 கோடியை இந்த வருவாயால் வகுத்தால் ஐம்பது மடங்குக்கு மேல் வருகிறது. வகுப்பது லாபத்தால் அல்ல, மொத்த வருவாயால் என்பதைக் கவனிக்க வேண்டும். போர் விமானமும் ஏவுகணையும் விண்கலமும் செய்யும் லாக்ஹீட் மார்ட்டினின் 2024 வருவாய் 7,100 கோடி டாலர். சந்தை அதற்குக் கொடுத்து வந்த மதிப்பு வருவாயில் இரண்டு மடங்குக்குள்தான்.

ஸ்டார்லிங்கில் ஒரு சங்கதி பலர் கண்ணில் படுவதில்லை. ஒரு செயற்கைக்கோளின் ஆயுள் ஐந்து ஆண்டு வாக்கில்தான். பிறகு அதைக் கீழே இறக்கி எரித்துவிடுவார்கள். மேலே 9,000 சுற்றிக்கொண்டிருந்தால், புதிதாக ஒரு வாடிக்கையாளர்கூட வராவிட்டாலும் ஆண்டுக்கு 1,800 புதியதை அனுப்பியாக வேண்டும். கேபிள் புதைத்துவிட்டு முப்பது ஆண்டு வசூல் செய்கிற தொழில் அல்ல இது. ஸ்டார்ஷிப் ஒழுங்காகப் பறந்து ஏவும் செலவு இறங்கினால்தான் இந்தச் சுமை குறையும். 2023 ஏப்ரலில் தொடங்கி 2025 அக்டோபர் வரை ஸ்டார்ஷிப் 11 முறை சோதனையாகப் பறந்தது. 2024 அக்டோபரில், திரும்பி வந்த அதன் முதல் அடுக்கை ஏவுகோபுரத்தின் இரும்புக் கைகள் அந்தரத்திலேயே பிடித்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சில பயணங்களில் ராக்கெட் வெடித்துச் சிதறவும் செய்தது. அமேசானின் செயற்கைக்கோள் இணையம் பின்னால் வருகிறது. ஜெஃப் பெசோஸின் ப்ளூ ஆரிஜின் 2025 நவம்பரில் தன் நியூ க்ளென் ராக்கெட்டின் முதல் அடுக்கைக் கடலில் நிற்கும் மேடையில் இறக்கிக் காட்டிவிட்டது.

இதோடு பெட்டியில் இன்னொரு சரக்கும் ஏறியிருக்கிறது. 2022 அக்டோபரில் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கினார். எக்ஸ் என்று பெயர் மாற்றினார். 2025 மார்ச்சில் எக்ஸை எக்ஸ்ஏஐ வாங்கியது. 2026 பிப்ரவரியில் எக்ஸ்ஏஐயை ஸ்பேஸ்எக்ஸ் வாங்கியது. ராக்கெட் கம்பெனிப் பங்கு என்று நினைத்து ஒருவர் வாங்கினால், ட்விட்டரும் சாட்பாட்டும் கூடவே வீட்டுக்கு வரும். செவ்வாய்க் கனவை நம்பிப் பணம் போட்ட பழைய முதலீட்டாளர்கள் இதைக் கேட்டார்களா? ஓட்டு எண்ணிக்கையைப் பார்த்தால் கேட்டிருந்தாலும் பயனிருக்காது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்திடம் முன்பு தந்த ஆவணங்களின்படி, மஸ்க்கிடம் பங்கு சுமார் 42 சதவீதம், ஓட்டுரிமை சுமார் 79 சதவீதம்.

2024இல் கம்பெனியின் பதிவை டெலவேரிலிருந்து டெக்சாஸுக்கு மாற்றினார்கள். டெலவேர் நீதிமன்றம் மஸ்க்கின் டெஸ்லா சம்பளத்தை ரத்து செய்த சூட்டில் நடந்த மாற்றம். டெக்சாஸின் 2025ஆம் ஆண்டுச் சட்டம், கம்பெனியின் பெயரால் இயக்குநர்கள்மேல் வழக்குப் போட 3 சதவீதம்வரை பங்கு இருந்தாக வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. 1.25 லட்சம் கோடி டாலர் மதிப்புள்ள கம்பெனியில் 3 சதவீதம் என்பது 3,750 கோடி டாலர். அவ்வளவு பணம் வைத்திருக்கும் அதிருப்தியாளர் உலகத்திலேயே சிலர்தான் தேறுவார்கள்.

முன்னே போனவர்கள்

விண்வெளிப் பங்குகளின் சரித்திரம் நம்பிக்கையூட்டுவதாக இல்லை. ரிச்சர்ட் பிரான்சனின் விர்ஜின் ஆர்பிட் 2021 டிசம்பரில் சந்தைக்கு வந்தது. 2023 ஜனவரியில் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து போன பயணம் எரிபொருள் வடிகட்டி ஒன்று இடம் பெயர்ந்ததால் கெட்டது. ஏப்ரலில் திவால். 2021இல் 210 கோடி டாலர் மதிப்போடு வந்த ஆஸ்ட்ராவை, 2024இல் பங்குக்கு அரை டாலர் கொடுத்து நிறுவனர்களே திரும்ப வாங்கிப் போனார்கள். நிலவில் பத்திரமாகக் கலம் இறக்கிய பெருமையோடு 2025 ஆகஸ்டில் வந்த ஃபயர்ஃப்ளையின் வெளியீட்டு விலை 45 டாலர். முதல் நாள் 70இல் திறந்தது. நவம்பரில் வெளியீட்டு விலையில் பாதிகூட இல்லை.

நியூசிலாந்தில் பிறந்த ராக்கெட் லேப் மட்டும் வேறு கதை. 2021 ஆகஸ்டில் பட்டியலாகி, 4 டாலருக்குத் தேய்ந்து, இரண்டு ஆண்டு அங்கேயே கிடந்து, 2025இல் 60 டாலரைத் தாண்டியது. நல்ல கம்பெனியை நம்பியவர்கள் ஜெயித்தார்கள்தான். அதிலும் முதல் நாள் வாங்கியவரைவிட, எல்லோரும் கைவிட்டபோது வாங்கியவர் பல மடங்கு அதிகமாக ஜெயித்தார். ஃபேஸ்புக்கும் 2012 மே மாதம் 38 டாலருக்கு வந்து, செப்டம்பரில் 18க்குக் கீழே கிடைத்தது.

இங்கிருந்து வாங்க நினைப்பவருக்கு

நம் ஊர் ஐபிஓவுக்கு விண்ணப்பித்துப் பழகியவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே லாபம் காட்டும் கம்பெனியின் வெளியீட்டில் 35 சதவீதம் சில்லறை முதலீட்டாளர்களுக்கு என்று செபி ஒதுக்கி வைக்கிறது. கூட்டம் அதிகமானால் குலுக்கல், ஒரு லாட்டாவது விழ வாய்ப்பு. அமெரிக்காவில் அப்படிச் சட்டம் கிடையாது. யாருக்கு எவ்வளவு என்பதைக் கம்பெனியும் வெளியீட்டை நடத்தும் வங்கிகளும் முடிவு செய்கின்றன. பெரிய ஃபண்டுகளும் வங்கியின் பணக்கார வாடிக்கையாளர்களும் முதலில். சென்னையிலோ கோவையிலோ இருந்து செயலி மூலம் வாங்குபவருக்குப் பெரும்பாலும் வெளியீட்டு விலை கிடைக்காது, பட்டியலான பிறகு சந்தையில் ஓடும் விலைதான். அன்றைக்கு 45 எவ்வளவு வேகத்தில் 70 ஆகும் என்பதை ஃபயர்ஃப்ளையில் பார்த்தோம்.

பணம் அனுப்ப ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஆண்டுக்கு 2.5 லட்சம் டாலர்வரை அனுமதி உண்டு. 10 லட்ச ரூபாயைத் தாண்டும் தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். என்ற வரி பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியை நிரப்பாமல் விடக் கூடாது. அதிகம் பேர் அறியாத ஒன்றும் உண்டு: அமெரிக்கக் குடிமகனல்லாத, அங்கே வசிக்காத ஒருவர் 60,000 டாலருக்கு மேல் அமெரிக்கப் பங்குகளை வைத்துக்கொண்டு இறந்துபோனால், அதற்கு மேற்பட்ட தொகைக்கு 40 சதவீதம்வரை அங்கே எஸ்டேட் வரி விழலாம். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இந்த வரிக்கு ஒப்பந்தம் இல்லை.

பங்கு வெளியீடு நடக்குமானால், அதற்கு முன் எஸ்-1 என்ற ஆவணம் பொதுவில் வந்தாக வேண்டும். முதலீட்டாளர் கூட்டங்கள் தொடங்குவதற்குக் குறைந்தது 15 நாள் முன்பே அது வெளியாக வேண்டும் என்பது விதி. இருபது ஆண்டுக்கு மேல் மூடிக் கிடந்த கணக்குப் புத்தகம் அன்றுதான் திறக்கும். ஸ்டார்லிங்கின் லாபம் எவ்வளவு, ஸ்டார்ஷிப் எவ்வளவு தின்றது, பழைய பங்குதாரர்கள் எத்தனை நாள் விற்காமல் இருக்க ஒப்புக்கொண்டார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். விற்கத் தடைவிதிக்கும் காலம் வழக்கமாக 180 நாள். 56 டாலர் விலையில் பங்கை வாங்கியவர்கள் அது முடியும் தேதியில் விற்க வரலாம். நேரம் குறைவாக இருப்பவர்கள் நேராக, 'தொடர்புடைய தரப்புகளுடனான பரிவர்த்தனைகள்' என்ற அத்தியாயத்துக்குப் போகலாம். ஸ்பேஸ்எக்ஸ், டெஸ்லா, எக்ஸ், எக்ஸ்ஏஐ, மஸ்க் ஆகியோரில் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது அங்கேதான் இருக்கும்.